பிணை இல்லாத படிப்பு

2018 ஆம் ஆண்டு சித்திரை மாதம். நியூயோர்க் நகரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்தது. தடித்த தாள், மேலே இலச்சினை. "உங்களைத் தெரிவு செய்துள்ளோம்" என்று எழுதியிருந்தார்கள். மற்றது அரச கல்லூரி ஒன்றிலிருந்து வந்த ஒற்றைத் தாள். எந்தத் திகதிக்குள் பதிய வேண்டும், எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அம்மா முதலாவது கடிதத்தை எடுத்துச் சாமித் தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் ஒரு கிழமையாக நித்திரை இல்லாமல் இருந்தேன்.

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஊரில் கதைக்கும்போது முடிவு மட்டும்தான் எல்லோருக்கும் தெரியவரும். "இன்னாற்றை மகள் டொக்டராம்" என்பார்கள். அந்தப் படிப்புக்கு எவ்வளவு கடன் பட்டாள், யார் பிணை நின்றார்கள், நடுவழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் வெளியில் வருவதில்லை. ஆகவே முடிவு இன்னும் தெரியாத என்னுடைய கதையைச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். உங்கள் பிள்ளையோ சகோதரியோ அமெரிக்காவில் இருந்தால் அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் போகும் முறை எங்கள் நாட்டைப் போன்றதல்ல. நம் நாட்டில் உயர்தரப் பரீட்சை எடுத்து, இசட் புள்ளி வந்து, வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தால் பத்தொன்பது இருபது வயதிலேயே மருத்துவபீடம். மூன்று தடவைதான் தோற்றலாம். அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டுவிடும். அமெரிக்காவில் முதலில் நான்கு வருடம் படித்து ஒரு பட்டம் பெற வேண்டும். அது எந்தப் பாடத்திலும் இருக்கலாம். ஆனால் உயிரியல், இரசாயனவியல், சேதன இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களை ஆய்வுகூடப் பயிற்சியுடன் பொதுவாக ஒவ்வொரு வருடம் படித்திருக்க வேண்டும். உயிர் இரசாயனவியல், உளவியல், சமூகவியல் ஆகியவையும் தேவைப்படும். பிறகு எம்கெட் என்ற நுழைவுப் பரீட்சை. அதன் பின்னர் மருத்துவக் கல்லூரியில் நான்கு வருடம், வைத்தியசாலையில் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை பயிற்சி.

வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் வைத்தியராக விரும்பினால் இந்த விஞ்ஞானப் பாடங்களை மட்டும் பட்டத்துக்குப் பிறகு தனியே படிக்கலாம். இதைப் 'போஸ்ட்பக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் இதைத் தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டில் கதவுக்கு வயதுப் பூட்டு இல்லை. ஆனால் வாசலில் நின்று காசு கேட்கிறார்கள்.

எனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்பதை அதிகம் விவரிக்க விரும்பவில்லை. 2009 மாசி மாதத்தில், புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையில், அம்மாவின் சேலைன் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நின்றேன். தொங்கவிட ஆணிகூட இருக்கவில்லை. அங்கே நின்ற வைத்தியர்களையும் தாதிமாரையும் பார்த்தவர்களுக்கு நான் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் ஆவணியில் செட்டிகுளம் முகாமில் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதினேன். உயிரியல் பிரிவு. மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி. 2011 இல் அப்பாவுடைய அகதி விண்ணப்பத்தின் மூலம் அம்மாவும் நானும் அமெரிக்கா போனோம். அக்கா கலியாணம் முடித்திருந்தபடியால் அவருக்கு அந்த விசா கிடைக்கவில்லை. யுத்தத்தில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் முள்ளியவளையில் இருக்கிறார்.

அங்கே வேலை கிடைக்கும் படிப்பு வேண்டும் என்று கணக்கியல் படித்தேன். 2016 இல் பட்டம் பெற்று, ஒரு கிளினிக்கில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். நாள் முழுவதும் நோயாளிகளின் பில்லைப் பார்ப்பேன். நோயாளியைப் பார்க்கும் அறை அடுத்த கதவில் இருந்தது. இரண்டு வருடம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் விண்ணப்பங்களை அனுப்பினேன். அப்போது எனக்கு 28 வயது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். எனக்குத் தேவைப்பட்டவை ஏறத்தாழ 40 பாட அலகுகள். தனியார் பல்கலைக்கழகத்தில் ஓர் அலகுக்கு 1,800 டொலர். மொத்தம் 72,000 டொலர். அன்றைய நாணய மாற்றில் ஒரு கோடி ரூபாவுக்கு மேல். முழுநேரப் படிப்பு என்பதால் வேலையையும் விட வேண்டும். அதற்குப் பதிலாக அவர்கள் தருவதும் சிறிதல்ல. ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் எல்லாப் பாடமும் முடியும். சிறிய வகுப்பு, தனி ஆலோசகர், கல்லூரிக் குழுவின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் உண்டு. சில மருத்துவக் கல்லூரிகளுடன் ஒப்பந்தமும் உண்டு. நல்ல புள்ளி எடுத்தால் ஒரு வருடக் காத்திருப்பு இல்லாமல் நேரே போக வழி இருந்தது.

மற்றப் பக்கம் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம். ஹன்டர், சிற்றி, குவீன்ஸ், புரூக்ளின் என்று அதற்குப் பல கல்லூரிகள் உண்டு. ஒரு வருடம் நியூயோர்க்கில் வசித்தவர்களுக்குக் குறைந்த கட்டணம். நான் தொடங்கிய காலத்தில் பகுதிநேர மாணவருக்கு ஓர் அலகு 300 டொலர் அளவில் இருந்தது. நாற்பது அலகுக்கு 12,000 டொலர். மாலை வகுப்புகள் இருந்தன. வேலையை விடத் தேவையில்லை.

இதில் ஒரு சிறு விடயம். பட்டம் நோக்காமல் தனிப் பாடங்களுக்கு மட்டும் பதிந்தால் அலகுக்கு 440 டொலர் அளவில் வாங்குவார்கள். 'இரண்டாவது பட்டம்' படிப்பவர் என்று பதிந்தால் 300 தான். இதைப் பதிவுக் காரியாலயத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான பெண்மணி சொல்லித்தான் அறிந்தேன். அந்த ஒரு வார்த்தையில் 5,000 டொலருக்கு மேல் மிஞ்சியது. வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவருடன் கதையுங்கள், வெட்கப்படாதீர்கள்.

நண்பர்கள் எல்லோரும், "டொக்டராகினால் 72,000 ஒரு காசா?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு கணக்கியல் படித்தவள் என்ற முறையில் கடதாசியை எடுத்தேன். முதற் பட்டம் பெற்றவருக்கு அரசின் உதவிக்கொடை கிடையாது. இப்படியான ஆயத்தப் பாடங்களுக்கு மத்திய அரசின் கடன் பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டும், அதுவும் 12,500 டொலர் வரைதான். மீதி 60,000 டொலரை வங்கியில்தான் எடுக்க வேண்டும். எனக்குச் சொன்ன வட்டி நூற்றுக்குப் பத்து. பத்து வீத வட்டியைக் கட்டாமல் விட்டால் கடன் ஏறத்தாழ ஏழு வருடத்தில் இரண்டு மடங்காகும். எல்லாம் சரியாக நடந்தாலும் நான் வைத்தியராகச் சம்பளம் எடுக்க ஒன்பது பத்து வருடம் ஆகும். அதற்குள் மருத்துவக் கல்லூரிக் கடன் வேறு சேரும்.

இவை எல்லாம் 'எல்லாம் சரியாக நடந்தால்' என்ற கணக்கு. இடையில் ஒரு பாடத்தில் சறுக்கினால்? எம்கெட் பரீட்சையில் புள்ளி வராவிட்டால்? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வருடம் இடம் கிடைப்பதில்லை. இடம் கிடைக்காதவளுக்கும் அந்த 72,000 கடன்தான்.

வங்கி இன்னொன்றும் கேட்டது. பிணை. நியூ ஜேர்சியில் இருக்கும் மாமா, "நான் கையெழுத்து வைக்கிறன் பிள்ளை, நீ யோசியாதை" என்றார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். பெற்றோல் நிலையத்தில் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த நாட்களில் அக்காவுடைய பாடு உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். தையல் மெசின் வாங்க நுண்கடன் எடுத்திருந்தார். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்ட வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை முற்றத்தில் வந்து குந்திவிடுவார்கள். குழுவில் ஒருத்தியின் பிள்ளைக்கு வருத்தம் வந்து அவள் கட்ட முடியாமல் போனபோது, அக்கா தன் தோட்டை விற்று அவளுடைய தவணையையும் கட்டினார். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்கள் சிலவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்ததை நீங்கள் அறிவீர்கள். விற்ற தோடு அதனால் திரும்பி வராது.

நான் இரண்டு கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் விளங்கவில்லை. "ஆர் பிணை?" என்றுதான் முதலில் கேட்டார்.

"மாமா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"கடன் வாங்கினவள் விழுந்தா நாலு பேர் சேந்து தூக்கிவிடலாமடி. பிணை நிண்டதும் சேந்து விழுந்தா ஆர் தூக்கிறது?" என்றார். பிறகு, "நீ படி. எங்களுக்குக் காசு அனுப்பாட்டிலும் பரவாயில்லை. இவளின்ரை ரியூசனை நிப்பாட்டலாம்" என்றும் சொன்னார்.

நான் மாதம் 150 டொலர் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூத்த பெறாமகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். நான் வேகமாகப் படிப்பதற்கு முள்ளியவளையில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்க வேண்டுமென்றால், அந்த 72,000 இல் அதையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்? என் கடதாசிக் கணக்கில் அந்த வரி இருக்கவில்லை.

அடுத்த நாள் தனியார் பல்கலைக்கழகத்துக்கு நன்றி சொல்லி வரமுடியாது என்று எழுதினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மற்றக் கடிதத்தை எடுத்துச் சாமித் தட்டில் வைத்திருந்தார்.

மலிவான பாதை இலகுவான பாதை என்று ஒருவரும் நினைக்கக்கூடாது. ஐந்து மணிக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து, ஆறரை மணி வகுப்பு. ஆய்வுகூடம் உள்ள நாட்களில் வீடு வரப் பத்தரை. அரச கல்லூரிகளில் வகுப்புகள் பெரியவை. ஆசிரியருக்கு என் பெயர் தெரிய வேண்டுமென்றால் நானாகத்தான் அவருடைய அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் போனேன். சிபாரிசுக் கடிதம் எழுத ஒருவர் வேண்டுமே. தனியார் பல்கலைக்கழகம் காசுக்குச் செய்து தரும் பல வேலைகளை மலிவான இடத்தில் நாமே செய்ய வேண்டும். வித்தியாசம் பெரும்பாலும் அதுதான். சேதன இரசாயனவியல் இரண்டு இடத்திலும் ஒரே சேதன இரசாயனவியல்தான்.

அந்தப் பாடத்தில்தான் விழுந்தேன். 2019 புரட்டாதியில் அம்மாவுக்குப் பழைய காயத்தில் சத்திரசிகிச்சை. வேலை, வைத்தியசாலை, வகுப்பு. முதற் பரீட்சையில் 48 புள்ளி. அங்கே விண்ணப்பிக்கும்போது எழுதிய எல்லாப் பாடத்தின் புள்ளியும் கணக்கில் சேரும். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து நல்ல புள்ளி எடுத்தாலும் பழைய புள்ளி அழியாது. ஆகவே கடைசித் திகதிக்கு முதல் அந்தப் பாடத்திலிருந்து விலகினேன். கட்டிய ஆயிரத்துச் சொச்சம் டொலர் போனது. அன்றிரவு அழுதேன்தான். ஆனால் தை மாதத்தில் திரும்பப் பதிந்து படித்தேன். தனியார் பல்கலைக்கழகத்தில் இது நடந்திருந்தால் ஏழெட்டாயிரம் டொலர், அதுவும் வட்டிக்கு எடுத்தது, ஒரே நாளில் போயிருக்கும். திரும்பப் படிக்க இன்னொரு கடன். மாமாவிடம் இன்னொரு கையெழுத்து. மலிவான பாதையின் பெறுமதி எனக்கு அன்றைக்குத்தான் முழுமையாக விளங்கியது. விழுந்தால் திரும்ப எழும்ப என் கையில் காசு இருந்தது.

பிறகு கொவிட் வந்தது. 2020 பங்குனியில் எங்கள் குவீன்ஸ் பகுதிதான் அந்த நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. எல்ம்ஹேர்ஸ்ட் வைத்தியசாலைக்கு வெளியே நீண்ட வரிசையைப் பார்த்தேன். இரவில் அம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. கிளினிக்கில் ஆட்கள் குறைந்தபோது கணக்குப் பிரிவில் இருந்த என்னை வாசலில் நின்று நோயாளிகளின் காய்ச்சல் பார்க்க விட்டார்கள். நான் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்த கதவுக்குள் போனது அப்படித்தான். பிறகு மருத்துவ உதவியாளர் பயிற்சி எடுத்து அந்தப் பக்கத்திலேயே தங்கிவிட்டேன்.

நான்கு வருடத்தில், 2022 வைகாசியில், எல்லாப் பாடங்களும் முடிந்தன. கடன் ஒரு சதமும் இல்லை. 2023 இல் எம்கெட் எழுதினேன். இந்தப் பரீட்சைக்கும் விண்ணப்பங்களுக்கும் ஆகும் செலவு பலருக்குத் தெரிவதில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் கட்டணச் சலுகை தருகிறது. பரீட்சைக் கட்டணம் பாதிக்கும் குறைவாகும். 20 கல்லூரிகள் வரை இலவசமாக விண்ணப்பிக்கலாம். பிரசைகள் மட்டுமல்ல, நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் அகதி அந்தஸ்து கிடைத்தவர்களும் கேட்கலாம். ஆனால் பணம் கட்டிப் பதிவதற்கு முதல் கேட்க வேண்டும். கட்டிய பிறகு கேட்டால் திருப்பித் தரமாட்டார்கள்.

இடையில், கரிபியன் தீவுகளில் உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. அங்கே இடம் இலகுவாகக் கிடைக்கும். ஆனால் கட்டணம் பெரிது. படித்து முடித்து வந்தாலும், அமெரிக்காவுக்குள் படித்தவர்களைவிட அவர்களுக்கு வைத்தியசாலைப் பயிற்சி இடம் கிடைப்பது கடினம். அப்படிப் போய் நல்ல வைத்தியர்களாக வந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மட்டும் அக்கா கேட்ட கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது.

2024 இல் முதற் தடவை விண்ணப்பித்தேன். இடம் கிடைக்கவில்லை. 2025 இல் திரும்ப விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் நேர்முகப் பரீட்சை நடந்தது. ஒன்றில் இல்லை என்றார்கள். மற்றதில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. இதை எழுதும்வரை அவ்வளவுதான்.

கிடைத்தாலும் செலவு இருக்கிறது. அதற்கும் இப்போதே கணக்குப் பார்க்கிறேன். நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018 இல் தன் மாணவர் அனைவருக்கும் படிப்புக் கட்டணத்தை நீக்கியது. 2024 மாசியில் புரொங்ஸில் உள்ள அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக்கு, அங்கே முன்னர் பேராசிரியையாக இருந்த ரூத் கொட்டெஸ்மன் என்ற 93 வயது அம்மையார் நூறு கோடி டொலர் கொடுத்தார். அங்கேயும் கட்டணம் இல்லை. அந்த இடங்களுக்குப் போட்டி மிகக் கடுமை. மற்றக் கல்லூரிகளுக்குக் கடன்தான் வழி. 2025 இல் வந்த புதிய சட்டத்தின்படி 2026 ஆடி 1 முதல் புதிதாகக் கடன் எடுக்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசின் கடன் வருடத்துக்கு 50,000 டொலர், மொத்தம் 200,000 டொலர் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் திரும்பவும் வங்கியும் பிணையும்தான். தொடக்கத்திலேயே 72,000 கடனோடு வந்தவளுக்கு இந்த எல்லை கழுத்தில் கயிறு. நான் வெறுங்கையோடுதான் நிற்கிறேன். ஆனால் கையில் கடன் பத்திரம் இல்லை.

இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்கிறார். படித்த பாடங்கள் எங்கேயும் போகவில்லை. இன்னும் சில பாடங்கள் சேர்த்தால் தாதியர் பட்டத்துக்கான விரைவுப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மாமாவின் வீட்டுக்கு நல்ல நாள் பெருநாளுக்குத் தலை நிமிர்ந்து போகலாம். 150 டொலர் ஒரு மாதமும் நிற்கவில்லை. பெறாமகள் இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிக்கிறாள். போன கிழமை சேதன இரசாயனவியலில் ஒரு சந்தேகம் கேட்டாள். தொலைபேசியிலேயே விளங்கப்படுத்தினேன். அக்கா பக்கத்தில் இருந்து, "என்னடி ரெண்டு பேரும் கதைக்கிறியள்?" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்புச் சகோதரிகளே, படிக்கக் கடன் படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில படிப்புக்குக் கடன் வேண்டியிருக்கும். ஆனால் பிள்ளை ஒரு பெரிய பெயருள்ள இடத்தின் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, சந்தோசப்பட்டபின் மூன்று கேள்வி கேளுங்கள். இதே பாடம் குறைந்த காசுக்கு வேறு எங்கே இருக்கிறது? நடுவில் ஒரு தடவை விழுந்தால் திரும்பத் தொடங்க எவ்வளவு வேண்டும்? பிணை ஆர்?

மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள். அக்கா அப்படித்தான் கேட்டார்.